நிவியின் கொம்புப்பல்

"வாயத் தொற கண்ணு. அப்பா ஒண்ணும் பண்ணமாட்டேன்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து விழும் நேரம். கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் என் மகள் நிவேதா உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு முன்னால் நான் முட்டி போட்டிருந்தேன். இடது கை அவள் தாடையைப் பிடித்திருந்தது. வலது கையில், வெந்நீரில் கழுவிய ஓர் ஊசி அரம்.

ஆமாம், அரம்தான். இரும்பை ராவுகிற அரம். அதிலும் இது முனையில் வைரத்தூள் பதித்தது. கெட்டிப்படுத்திய எஃகில் மற்ற அரங்கள் வழுக்கிக்கொண்டு போகும்போது இது மட்டும் கடிக்கும். தேய்ந்துவிட்டது என்று கம்பெனி டூல் ரூமில் கழித்ததைக் கேட்டு வாங்கி வந்து வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதல் இழுப்பில், ஸ்லேட்டில் ஆணி கீறுவது போல ஒரு சத்தம். இரண்டாவது இழுப்பில் நிவி வீறிட்டாள். என் கையைத் தள்ளிவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கொப்பளிக்கட்டும் என்று பானைத் தண்ணீர் கொடுத்தேன். அது பல்லில் பட்டதும் இன்னும் பெரிதாக அலறினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். ஊத்தங்கரைப் பக்கத்துக் கூலிக் குடும்பம், ஐ.டி.ஐ. படிப்பு, பிறகு ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் கிரைண்டிங் மிஷின். போன வாரம் நான் அரைத்துக் கொடுத்த டை என்கிற எஃகு அச்சைப் பற்றிப் பெருமை அடித்திருந்தேன். "உங்களுக்குத் தப்பே நடக்காதா ஐயா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம். ஒரு தப்பு இல்லை, இரண்டு.

களி தின்கிற பிள்ளை

எங்கள் பக்கத்தில் ராகிக் களியை மெல்லக் கூடாது. உருட்டி, குழம்பில் முக்கி, அப்படியே தொண்டைக்குள் அனுப்ப வேண்டும். மென்று தின்கிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள். ஓசூரில் வளர்கிற பிள்ளைகள் களி என்றாலே ஓடுவார்கள். நிவி மட்டும் விதிவிலக்கு. ஏழு வயதுக்குமேல் அவளுக்குத் திடீரென்று களி மேல் ஆசை வந்தது. காலையிலும் களி, இரவிலும் களி. அவரைக்கொட்டைக் குழம்பு என்றால் இன்னொரு உருண்டை கேட்பாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஊத்தங்கரை ரத்தம்" என்று மனைவி மஞ்சுளாவிடம் மார் தட்டினேன். மஞ்சுளா உத்தனப்பள்ளிக்காரி. ஓசூருக்கு வெளியே ரோஜாப்பூக்களைத் தரம் பிரித்துக் கட்டுகிற ஷெட்டில் வேலை. பூவின் தண்டையும் மொட்டையும் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் கூர்மையாகிவிட்டது. அவள் மட்டும்தான் சந்தேகப்பட்டாள்.

"களி திங்குதுன்னு குதிக்கிறீங்களே, கொடுத்தனுப்புன சப்பாத்தி அப்பிடியே திரும்பி வருது. கொய்யாக்காய நக்கிட்டு வச்சிருக்குது. இன்னான்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பிள்ளை ஏன் களி தின்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. கடிக்கத் தேவையில்லாத சாப்பாடு எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அதனால்தான் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள், நான் அதற்கு ஊர்ப்பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவள் நாக்கின் நுனியில் ஒரு புண் வந்தது. ஆறிவிட்டு மறுபடி வந்தது. மஞ்சுளா வேலைக்குப் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் முளைத்த மேல் பல் இரண்டும் முத்து மாதிரி இருந்தன. இடது பக்கப் பல்லின் பின்புறத்தில், நாக்குப் படுகிற இடத்தில், இன்னொரு சின்னக் கொம்பு முளைத்திருந்தது. வாயை மூடினால் கீழ்ப்பல் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். மேலும் கீழும் சேரவே சேராது.

நகத்தால் பார்ப்பது

டூல் ரூம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரைத்து முடித்த எதையும் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒருமுறை தடவிப் பார்ப்போம். எங்காவது நகம் தட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது என்று அர்த்தம். வேண்டாத இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்ச உலோகம். அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தாலும் எங்கள் நகம் ஓரத்துக்குத்தான் போகும்.

நிவியின் பல்லுக்குப் பின்னாலும் என் நகம் போனது. தட்டியது. என் மூளை அப்போது அப்பாவின் மூளையாக வேலை செய்யவில்லை, கிரைண்டர்காரன் மூளையாக வேலை செய்தது. பிசிர். அவ்வளவுதான் தோன்றியது. பக்கெட்டைக் கவிழ்த்தேன், அரத்தைக் கழுவினேன். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மஞ்சுளா வந்தபோது நிவி மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. மஞ்சுளா கத்தவில்லை, நிவியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்தாத மஞ்சுளாவைக் கண்டால் எனக்குப் பயம்.

"இரும்பாங்க அது?" என்றாள் கடைசியில். "உங்களுக்கு ரெஸ்ட் குடுத்தாக்கூட கை சும்மா இருக்காதா? புள்ள வாய்க்குள்ள இன்னாத்துக்கு அரத்த வுட்டீங்க?"

 அன்றிலிருந்து நிவி எனக்கு வாய் திறந்து காட்டவில்லை. பேசுவாள், சாப்பிடுவாள், சண்டை போடுவாள். ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பாள். 

எதுவும் ரிஜெக்ட் இல்லை

ராயக்கோட்டை ரோட்டில் குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். டாக்டர் சுமா. ஜூஜுவாடிக்காரர், வீட்டில் கன்னடம். வெளியே காத்திருக்கிறவர்களிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவார். உள்ளே பிள்ளைகள் அழுவது மட்டும் ஒரே மொழி.

நிவி அங்கேயும் வாய் திறக்கவில்லை. உதட்டைக் கவ்விக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அரம் வைத்த கதையைக் கேட்ட டாக்டர் அவளை வற்புறுத்தவில்லை. என்னை நாற்காலியில் படுக்கச் சொன்னார். சின்னக் கண்ணாடியை நிவி கையில் கொடுத்து, "பாப்பா, உங்க அப்பா பல்லு எப்பிடி இருக்குன்னு நீ பாத்துச் சொல்லு" என்றார். நிவி எட்டிப் பார்த்தாள்.

"ச்சீ, மஞ்சளா இருக்குது."

"எத்தனை ஓட்டை?"

"மூணு. இல்ல, நாலு!"

அவ்வளவு சந்தோஷமாக என் ஓட்டைப்பல்லை யாரும் எண்ணியதில்லை. எண்ணி முடித்ததும் டாக்டர், "இப்ப உன்னோடத நான் எண்ணட்டா?" என்று கேட்டார். நிவி யோசித்தாள். பிறகு என்னைக் காட்டி, "அப்பா வெளிய போனாத்தான்" என்றாள்.

போனேன். கதவு நிலைக்கு வெளியே நிற்கலாம், அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். ஒர்க்‌ஷாப்பில் மிஷினைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், சம்பந்தம் இல்லாதவர்கள் தாண்டக்கூடாது என்று. என் மகள் எனக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டாள்.

எக்ஸ்ரே எடுத்ததும் டாக்டர் என்னையும் மஞ்சுளாவையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். கொம்புக்கு உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது.

"இதுக்கு டேலன் கஸ்ப்னு பேரு. பருந்து கால் நகம் மாதிரி வளைஞ்சிருக்குதில்ல, அதனால. இது பிசிர் இல்ல சார். உள்ள பாருங்க, நரம்பு போகுது. உயிர் இருக்குது. நீங்க இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தா நரம்பு வெளிய வந்திருக்கும்."

நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு. பல்லு வெளிய வந்துடுச்சு, ஆனா வேர் இன்னும் முடியல. நுனி திறந்திருக்குது பாருங்க. இப்ப நரம்பு செத்துட்டா வேர் வளர்றது அப்பிடியே நின்னுடும். மெல்லிசா நிக்கும். எப்ப வேணா ஒடையும். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு."

மஞ்சுளா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் மாசமா இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு ஷெட்டுக்குப் போயிட்டேன் மேடம். அதனாலயா?"

"இல்லம்மா. தாடைக்குள்ள பல்லு உருவாகும்போதே சில பேருக்கு மடிப்பு வேற மாதிரி விழுந்துடும். யார் தப்பும் இல்ல." அவர் அலமாரியைத் திறந்து வெள்ளை பிளாஸ்டரில் செய்த பல் அச்சுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒட்டிப்பிறந்த இரட்டைப் பல். ஆணி முனை மாதிரிக் கூம்பிய பல். பல்லுக்குள்ளேயே இன்னொரு பல் மடங்கிக் கிடப்பது. எல்லாமே பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்த அச்சு.

எனக்கு டூல் ரூமின் சிவப்பு டப்பா ஞாபகம் வந்தது. டிராயிங்குக்கு ஒத்துவராத எதையும் அதில் தூக்கிப்போடுவோம். "எங்க கம்பெனியா இருந்தா இதெல்லாம் ரிஜெக்ட் மேடம்" என்று உளறினேன்.

"இங்க எதுவும் ரிஜெக்ட் இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி இருக்குது."

நிவிக்கான வழியைச் சொன்னார். கொம்புக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சோறு தங்கிச் சொத்தை வரும். முதலில் அதைப் பிசின் மாதிரி ஒன்றால் அடைப்பது. பிறகு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை கொம்பை மயிரிழை அளவு மட்டும் அரைப்பது. அரைத்த இடத்தில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது. அந்த இடைவெளியில் பல் தனக்குள்ளேயே ஒரு சுவர் கட்டிக்கொள்ளும், நரம்பும் கொஞ்சம் பின்வாங்கும். மறுபடி மயிரிழை. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்துப் பார்ப்பது. கூசினால் நரம்பு உயிரோடு இருக்கிறது. கூசினால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும்.

கெட்டிப்படுத்திய எஃகை ஒரே ஓட்டத்தில் ஆழமாக அரைத்தால் சூடேறி மேலே நீலம் பாய்ந்துவிடும். பிறகு அது ஒன்றுக்கும் ஆகாது. அதனால்தான் நாங்களும் மைக்ரான் மைக்ரானாக இறங்குவோம். தினமும் எஃகுக்குக் கொடுக்கிற அந்தப் பொறுமையை என் பிள்ளையின் பல்லுக்கு நான் கொடுக்கவில்லை. அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று வெட்கப்பட்டேன்.

பச்சைப் பலகை

இரண்டாவது முறை போனபோது நிவி ரொம்ப அழுதாள். வலியால் இல்லை, பயத்தால். அந்தப் பயத்தை வைத்தவன் நான். அதை நானே எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது.

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு பச்சைப் பலகை உண்டு. ஓசூரில் பெரும்பாலான கம்பெனி கேட்டுகளிலும் இருக்கும். 'விபத்தில்லாமல் கடந்த நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் மாற்றும் கட்டம். ஒருவன் கையை வெட்டிக்கொண்டால் மறுநாள் அது சைபர். பெரிய எண் வந்தால் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ்.

அதே மாதிரி ஒன்றை வீட்டில் செய்தேன். அட்டைக்குப் பச்சை பெயின்ட் அடித்து, 'நிவி அழாத நாட்கள்' என்று எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐம்பது வந்தால் கிருஷ்ணகிரி அணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்கு. நிவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் சாக்பீஸோடு போய் எண்ணை மாற்றுவாள். முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்தபோதுகூட அழவில்லை. டூல் ரூமில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாவது முறை டாக்டரிடம் போனபோது பலகையில் நாற்பத்தொன்று. குளிர்ந்த பஞ்சு பட்டதும் நிவி கையைத் தூக்கினாள். கண்ணோரத்தில் இரண்டு சொட்டு. டாக்டர், "வெரி குட், நரம்பு ஜோரா இருக்குது" என்று தட்டிக்கொடுத்து, ஒரு மயிரிழை அரைத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நிவி என்னைப் பார்த்தாள். "இது அழுததாப்பா?"

இப்போது யோசித்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. அன்று எனக்குள் இருந்த இன்ஸ்பெக்‌ஷன்காரன் எழுந்துவிட்டான். "தண்ணி வந்துச்சில்ல கண்ணு. ரூல்னா ரூல்தான்" என்று சொல்லி, நாற்பத்தொன்றைத் துணியால் துடைத்து சைபர் போட்டேன். மஞ்சுளா முறைத்தாள். நிவி சாக்பீஸை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை வழக்கம்போல 'ஒன்று' என்று எழுதினாள்.

கை தூக்காத நாள்

நான்காவது முறை. நான் வழக்கம்போல கதவு நிலைக்கு வெளியே. மஞ்சுளா உள்ளே. டாக்டர் குளிர்ந்த பஞ்சை வைத்தார். நிவியின் கை மடியிலேயே இருந்தது.

"கூசுதா பாப்பா?"

நிவி இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் இன்னொரு முறை வைத்தார். கை அசையவில்லை. அதற்குமேல் நிவி வாயை மூடிக்கொண்டாள், திறக்கவில்லை.

டாக்டர் மெதுவாக வெளியே வந்தார். "இன்னிக்கு அரைக்க வேணாம். சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த டெஸ்ட் சில நேரம் ஏமாத்தும். எக்ஸ்ரேல கெடுதலா எதுவும் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கலாம். உயிர் போயிருந்தா வேற வைத்தியம் இருக்குது. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றால் பயப்படாமல் இருக்க முடியுமா? அந்த இரண்டு வாரமும் மிஷினில் அளவு எண்கள் எதுவும் என் தலையில் ஏறவில்லை. அந்த இரண்டு இழுப்புதான் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். சாணைக்கல் சுற்றும் சத்தம் கேட்டாலே அந்த க்ரீச் சத்தம் காதில் வந்தது. பக்கத்து மிஷின் பால்பாண்டி, திருநெல்வேலிக்காரர், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அரம் வைத்ததை டூல் ரூமில் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"ஏம்வே, பிள்ள பல்லு என்ன இரும்பு டையா? உம்ம கையில ஒரு சாமானக் குடுத்தா ஊரையே ராவிப்புடுவீரு போல" என்று திட்டினார். பிறகு என் தோளில் கைவைத்து, "ஒண்ணும் ஆவாதுவே. பிள்ளையளுக்கு எல்லாம் சட்டுனு கூடிரும்" என்றார். திட்டியதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நிவியோ தினமும் பலகையில் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிவிட்டது. அணைக்கு எப்போது என்று கேட்டாள். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து போகலாம் என்றேன்.

நான்கு பல்லும் ஒன்றாகச் சாகாது

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சுமா வேறு மாதிரி ஆரம்பித்தார். கொம்புப்பல்லை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துப் பல்லில் பஞ்சை வைத்தார். கை தூக்கவில்லை. அடுத்த பல்லில் வைத்தார். கை தூக்கவில்லை. கீழ்ப்பல் இரண்டில் வைத்தார். அதற்கும் இல்லை. ஆனால் அவள் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்குவது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை நகர்த்தி நிவிக்கு நேராக உட்கார்ந்தார்.

"பாப்பா, நாலு பல்லும் ஒண்ணா தூங்காது. நல்லா இருக்கிற பல்லுகூட கூசலேங்கிறியே. எதுக்குக் கை தூக்கமாட்டேங்கிற?"

நிவி அம்மாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மிக மெல்லச் சொன்னாள்.

"கை தூக்கினா கண்ணுல தண்ணி வந்துடும். தண்ணி வந்தா அப்பா போர்ட சைபர் ஆக்கிடுவாரு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சுளாவுக்குப் புரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, கேட் பலகையில் ஒரு பெரிய எண் வருவதற்கு நான்கு நாள் இருந்தது. அன்று என் கட்டைவிரல் ஒரு விளிம்பில் பட்டுக் கிழிந்தது. சொன்னால் சைபர். மொத்த ஷிஃப்டும் என்னைத் திட்டும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு நான்கு நாளும் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன். விரல் வீங்கி சீழ் வைத்தது. பலகை கெடவில்லை, நாங்கள் ஸ்வீட் தின்றோம். அந்த இடத்தில் இப்போதும் நகம் கோணலாகத்தான் வளர்கிறது. அந்தப் பலகையைத்தான் நான் என் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். அடிபடுவதைக் குறைக்க வைத்த பலகை, அடிபட்டதை மறைக்கக் கற்றுக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் எட்டு வயது மகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

வாசலில் நின்றபடியே பேசினேன். 

"கண்ணு, அந்தப் போர்ட இன்னிக்கே கிழிச்சிடறேன். அப்பா பண்ணுனது தப்பு. அழுதாலும் அணைக்குப் போறோம், அழாட்டியும் போறோம். கூசினா கை தூக்கு. கத்து. இந்த ரோடு முழுக்கக் கேக்கிற மாதிரிக் கத்து."

"நெஜமாவா?"

"நெஜமா."

நிவி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். என்னை நம்பலாமா என்று கணக்குப் போடுகிற பார்வை. போடட்டும் என்று நின்றேன். பிறகு டாக்டரிடம் திரும்பி வாயைத் திறந்தாள்.

டாக்டர் புதிதாக ஒரு பஞ்சை எடுத்தார். நேராகக் கொம்புப்பல்லின் மேல் வைத்தார். மஞ்சுளா முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

"கூசுதுதுது!"

கத்தினாள் என்று சொன்னால் போதாது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெளியே காத்திருந்த ஒரு குழந்தை பயந்துபோய் அழ ஆரம்பித்தது. டாக்டர் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ஆயித்து, ஆயித்து!" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, "உயிரோட இருக்குது!" என்று கைதட்டினார். மஞ்சுளா அழுதுகொண்டே சிரித்தாள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, முன்பின் தெரியாத தெலுங்குக்காரர் ஒருவரிடம், "எம்பொண்ணுக்குப் பல்லு கூசுதுங்க!" என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிள்ளைக்குப் பல் கூசியதற்கு உலகத்திலேயே சந்தோஷப்பட்ட ஒரே அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போனோம். ஷட்டரில் தண்ணீர் விழுகிற இடத்தில் நின்று நிவி வாய்விட்டுக் கத்திக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசிப் படம்

அதற்குப் பிறகு மயிரிழை மயிரிழையாகக் கொம்பு இறங்கியது. ஒவ்வொரு முறையும் நிவி கத்தினாள், ஒவ்வொரு முறையும் டாக்டர் கைதட்டினார். அரைப்பது முடிந்த பிறகும் வேருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். மேல் பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்த நாளில், நிவி கிளினிக்கிலேயே டாக்டர் கொடுத்த பேப்பரைக் கடித்துக் கடித்துத் துண்டாக்கிக் காட்டினாள்.

அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன சமயத்தில்தான் கடைசி எக்ஸ்ரே. டாக்டர் சுமா படத்தை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் காட்டினார். திறந்திருந்த வேர் நுனி அழகாகக் கூம்பி மூடியிருந்தது. நான் இருபது வருடமாக டிராயிங் பார்த்தவன். அவ்வளவு நேர்த்தியான கோட்டை எந்த டிராயிங்கிலும் பார்த்ததில்லை.

"முடிஞ்சுது. இது அவ சொந்தப் பல்லு, அவ சொந்த வேர். வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்."

நான் அப்போதும் வாசலில்தான் நின்றிருந்தேன். இரண்டு வருடமாக அதுதான் என் இடம். பழகிவிட்டது. நிவி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். நேராக என்னிடம் வந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்து என்னைக் குனிய வைத்தாள்.

"பாருப்பா" என்று சொல்லிவிட்டு, முகத்தை மேலே தூக்கி, எனக்கு வாயைத் திறந்து காட்டினாள்.

நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் பார்த்தேன்.